ஒன்று இருபது

லென்ஸாம். லென்ஸில் அழுக்குப் படிந்துவிட்டதாம். ஒன்பது வருஷமாக இந்தக் கழிவுநீர் நிலையத்துக்கு மேனேஜராக இருக்கிற மனுஷருக்குத் தொட்டிக்குள் தொங்குகிற சென்சாருக்கு லென்ஸே கிடையாது என்பது தெரியாது, தெரிந்துகொள்ளவேண்டும் என்று ஒருநாளும் தோன்றியதில்லை, ஆனால் அதைப் பற்றி அறிக்கை எழுத மட்டும் தெரிகிறது என்று பொருமிக்கொண்டே துளசிமணி இரும்பு நடைபாலத்தின் படிகளில் ஏறினாள். ஒரு கையில் வாளி, வாளியில் சோப்புத் தண்ணீரும் இரண்டு பனியன் துணிகளும். இன்னொரு கையில், தோளில் சாய்த்தபடி, கோடு போட்ட நீளமான அளவுக் குழாய். மணி ஒன்பதுதான் ஆகிறது, அதற்குள் கைப்பிடிக் கம்பி சுட்டது. கீழே வட்டத் தொட்டி. ஊரே குளித்துக் கழுவிக் கொட்டிய தண்ணீர் கடைசியாக வந்து அசையாமல் நிற்கிற இடம். கசடு அடியில் இறங்கும், தெளிந்தது விளிம்பில் வழிந்து வாய்க்காலுக்குப் போகும். நாற்றம் என்று ஒன்று இருப்பதை அவள் மூக்கு எப்போதோ மறந்துவிட்டது, வீட்டுக்குப் போய்ச் சேலையை மாற்றும்போதுதான் மகள் முகத்தைப் பார்த்து ஞாபகம் வரும். லென்ஸாம். அது கண்ணா என்ன, லென்ஸ் இருக்க? அது காது. தண்ணீருக்குள் மனுஷருக்குக் கேட்காத ஒரு சத்தத்தைப் போடும், அந்தச் சத்தம் போய்க் கசட்டின் மேல் முட்டித் திரும்பி வர எவ்வளவு நேரமாகிறது என்று கேட்டுக்கொண்டிருக்கும், அதை வைத்துக் கசடு தரையிலிருந்து எத்தனை மீட்டர் உயரத்தில் நிற்கிறது என்று பாலத்தில் மாட்டியிருக்கும் பெட்டியில் எண்ணாகக் காட்டும். இவ்வளவுதான் விஷயம். இதை ஈஸ்வரமூர்த்தி சாருக்கு அவள் நாலு தரம் சொல்லியிருக்கிறாள். நாலு தரமும் செல்போனைப் பார்த்துக்கொண்டே "சரி அம்மிணி, சரி அம்மிணி" என்றார். இப்போது காலையில் கூப்பிட்டு அதே குரலில் சொல்கிறார்: "பதினொரு மணிக்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துல இருந்து இன்ஜினியர் வர்றாரு. அதுக்குள்ள தொடச்சு, பெட்டிய பேக்டரி ரீசெட் பண்ணி, சரியா காட்ட வெச்சுரு. லென்ஸ்ல அழுக்கு இருந்துச்சு, தொடச்சதும் சரியாயிருச்சுன்னு எழுதிக் குடுத்துரு. அவ்வளவுதான் அம்மிணி, முடிஞ்சுது."

முடிந்ததாம். யாருக்கு முடிந்தது? அவள் வாளியை இறக்கிவைத்துவிட்டு சென்சார் கம்பத்தின் மரையைத் தளர்த்தினாள், முதலில் வரமாட்டேன் என்றது, பிறகு கிறீச்சென்று ஒரு சுற்று வந்தது. கம்பத்தைக் கையால் மேலே இழுக்க இழுக்கத் தண்ணீர் சொட்டிக்கொண்டே வந்தது, நுனியில் கைப்பிடியளவு கறுப்பு உருளை, அதைச் சுற்றி ஊர்ப்பெண்களின் தலைமயிர். எந்தத் தெருவில் எவள் தலை சீவினாளோ. மயிரோடு பச்சைப் பாசி, ஒரு ஷாம்பூ பாக்கெட்டின் கிழிந்த மூலை. பதினைந்து நாளைக்கு ஒருமுறை இதை எடுத்துத் துடைப்பது அவள் வேலை, ஏழு வருஷமாக ஒருமுறைகூடத் தப்பியதில்லை, மகளுக்கு அம்மை போட்டிருந்த வாரம்கூட ஒரு மணி நேரம் வந்து துடைத்துவிட்டுப் போயிருக்கிறாள், லாக் புக்கில் தேதியும் கையெழுத்தும் வரிசையாக இருக்கின்றன. பராமரிப்புச் செய்யப்படவில்லை என்று அவளுக்குக் கொடுத்த மெமோவில் போட்டிருக்கிறார்களே, அந்த லாக் புக்கைத் திறந்து பார்த்தவன் யார்? துணியைச் சோப்புத் தண்ணீரில் முக்கிப் பிழிந்து உருளையின் முகத்தை மெதுவாகத் துடைத்தாள். அழுத்தித் தேய்க்கக் கூடாது, கீறல் விழுந்தால் சத்தம் சிதறும். குழந்தைக்குக் காது துடைக்கிற மாதிரிதான். அழுக்குப் படிந்தால் இது என்ன செய்யும் என்று அவளுக்குத் தெரியும்: எண் தடுமாறும், ஒன்று, மூன்று, ஒன்றரை என்று குதிக்கும், கடைசியில் எதிரொலி வரவில்லை என்று கோடு காட்டி நின்றுபோகும். நிதானமாக, ஒரே சீராக, தப்பான எண்ணைக் காட்டவே காட்டாது. பெட்டியில் இப்போது என்ன காட்டுகிறது? மைனஸ் பூஜ்யம் புள்ளி பத்து. நாலு நாளாக அதே மைனஸ் பத்து. பம்பு மாற்றிக் கசட்டை வெளியே எடுத்தபிறகு காட்டுகிற எண். தரைக்குக் கீழே பத்து சென்டிமீட்டர், கான்கிரீட்டுக்குள் கசடு இருக்கிறதாம். அதைச் செல்போனில் படம் பிடித்து மேலிடத்துக்கும் வாரியத்துக்கும் அனுப்பியிருக்கிறார் ஈஸ்வரமூர்த்தி. பாருங்கள், சென்சார் பைத்தியம் பிடித்துக் கிடக்கிறது என்று. சிரித்துக்கொண்டே படம் எடுத்தார், அவள் பக்கத்தில்தான் நின்றாள். அந்த மைனஸ் எங்கிருந்து வந்தது என்று இந்த உலகத்தில் இரண்டே பேருக்குத் தெரியும், இரண்டு பேரும் அப்போது பாலத்தில்தான் நின்றிருந்தார்கள், ஒருவர் சிரித்தார், ஒருத்தி சிரிக்கவில்லை, அதைத் தவிர என்ன வித்தியாசம், சே.

இல்லை, அப்படி நினைக்கக் கூடாது. வித்தியாசம் இருக்கிறது. துணியை மறுபடி முக்கினாள். மாரப்பண்ணன் முகம் வந்தது. முகம்கூட இல்லை, குரல். பதின்மூன்று நாளைக்கு முன்னால் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மழை பிடித்தது, அப்படி ஒரு மழை, அவள் நாத்தனார் வீட்டுக் காதுகுத்தில் பந்திக்கு உட்கார்ந்திருந்தாள், பந்தல் துணியில் தண்ணீர் தேங்கி வயிறு மாதிரித் தொங்கியது. அந்த நேரம் நிலையத்தில் மாரப்பண்ணன் ஒருவர்தான் டியூட்டி, அத்தனை தொட்டிக்கும் ஒரே ஆபரேட்டர், ஐம்பத்து மூன்று வயசு, வியாழனிலிருந்து மூன்று நாள் லீவில் இருந்துவிட்டு அன்றைக்குத்தான் வந்திருந்தார். கன்ட்ரோல் ரூமில் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். திரையில் எல்லாம் சரியாக இருந்தது. நாலு மணிக்கு மழை விட்டதும் வெளியே வந்து பார்த்தால் வாய்க்கால் கறுப்பாக ஓடுகிறது, தொட்டியின் விளிம்பு முழுக்கக் கசடு பொங்கி வழிகிறது. துருப்பிடித்த வாய்க்கால் ஷட்டரைத் தனியாளாகக் கையால் சுற்றி மூடியிருக்கிறார், உள்ளங்கைத் தோல் உரிந்துபோயிற்று. ஆனால் போனது போனதுதான். மறுநாள் விடிந்ததும் வாய்க்கால் போய்ச் சேரும் குளத்தில் மீன் வெள்ளைவெள்ளையாக மிதந்தது. குளத்தை நம்பியிருந்த ஆட்கள் கும்பலாக வந்தார்கள், மேனேஜர் போன் ஸ்விட்ச் ஆஃப், கேட்டில் நின்றது மாரப்பண்ணன், மேலே யூனிபார்ம் சட்டை. அது போதாதா? அவர் மகன் வயசுகூட இல்லாத ஒருத்தன் எல்லார் முன்னாலும் கன்னத்தில் அறைந்தான். அறைந்தவன்மேல் அவளுக்குக் கோபம் வரவில்லை, வரவேண்டும் என்று முயன்றும் வரவில்லை, செத்த மீனைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றவன் அவன். அன்றைக்குச் சாயங்காலம் மாரப்பண்ணன் போன் பண்ணினார். "அம்மிணி, தொந்தரவுக்கு மன்னிக்கோணும். ஒண்ணே ஒண்ணு கேக்கோணும். நான் மூணு வாட்டி ஸ்கிரீனப் பாத்தனுங்க. கடைசியாப் பாத்தப்பவும் ரெண்டு முப்பதுதாங்க இருந்துச்சு. ரெண்டரை தாண்டுனாத்தானுங்களே சைரன் ஊதும்? ஊதவே இல்லீங்க. எங் கண்ணுதான் பொய்யாப் போச்சுங்களா அம்மிணி?" அவள் என்ன சொன்னாள்? "அப்படியெல்லாம் இருக்காதுங்கண்ணா, நீங்க தூங்குங்க" என்றாள். தூங்குங்களாம். அந்த மனுஷன் மறுநாள் கண் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பரிசோதனை செய்துகொண்டு கண்ணாடி போட்டுக்கொண்டு வந்தார் என்று வாட்ச்மேன் சொன்னான். தன் கண்ணைச் சந்தேகப்பட்டாரே தவிர, அவளைச் சந்தேகப்பட அவருக்குத் தோன்றவே இல்லை.

துடைத்தாகிவிட்டது. இனிமேலும் துடைத்துக்கொண்டிருப்பது சும்மா. உருளையை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள், சுத்தமாக இருந்தது, கம்பத்தை மெல்ல இறக்கி, முகம் தண்ணீருக்குள் ஒரு சாண் அமிழும்படி நிறுத்தி மரையை இறுக்கினாள். பெட்டியின் எண் ஒரு கணம் காணாமல் போய் மறுபடி வந்தது: மைனஸ் பத்து. அப்படியே. பார்த்தீரா ஈஸ்வரமூர்த்தி சார், துடைத்துவிட்டேன், எங்கே போயிற்று உங்கள் அழுக்கு? மாரப்பனை வீட்டுக்கு அனுப்பியாகிவிட்டது, விசாரணை முடியும்வரை வரவேண்டாம் என்று தாள் கொடுத்திருக்கிறார்கள், முடிந்தபிறகும் வரவேண்டாம் என்று இன்னொரு தாள் தயாராக இருக்கிறது, அவளே மேனேஜர் மேஜைமேல் பார்த்தாள். "மாரானுக்கெல்லாம் ஸ்கிரீனப் பாக்கத் தெரியுமா? தூங்கியிருப்பான்" என்று ஈஸ்வரமூர்த்தி சொன்னார். மாரப்பன் என்று முழுப்பேரைச் சொல்ல அவருக்கு வாய் வராது. இருபத்திரண்டு வருஷம் வேலை செய்த ஆள். கடிதத்தில் முழுப்பேர் போட்டிருந்தார்கள், வேலையை விட்டு நீக்குகிற கடிதத்தில் மட்டும் அந்த மனுஷனுக்கு முழுப்பேர் கிடைத்திருக்கிறது. அவளுக்கு என்ன? எச்சரிக்கை. ஒரு தாள், கோப்பில் போட்டு மூடிவிடுவார்கள். "உனக்கு ஒண்ணும் வராம நான் பாத்துக்கறேன்" என்று சொல்லும்போது அந்த முகத்தில் எவ்வளவு தயவு. அந்தத் தயவை நினைத்தால்தான் அடிவயிற்றிலிருந்து எரிகிறது. ராத்திரி சாப்பாட்டில் புருஷனிடம் சொன்னாள். லேத் பட்டறையில் காது பாதி மந்தமாகிப்போன மனுஷன், சோற்றைப் பிசைந்துகொண்டே, "கையெழுத்துப் போட்டுட்டு வா. ஊர்ல இருக்கறவனுக்கெல்லாம் நீ பொறுப்பா? நீ என்ன தப்பு பண்ணுன?" என்றான். ரசம் ஊற்றினாள். நீ என்ன தப்பு பண்ணினாய். நல்ல கேள்வி. அவளுக்கு ஈஸ்வரமூர்த்திமேல் கோபம், மெமோ அடித்த கிளார்க்மேல் கோபம், ஆறு வாரமாகப் பம்பு வரும் வரும் என்று சொல்லிக்கொண்டிருந்த கம்பெனிமேல் கோபம், புருஷன் காதுமேல்கூடக் கோபம், பதின்மூன்று நாளாக ஒவ்வொருவராக எடுத்துத் திட்டித் திட்டிப் பார்க்கிறாள், ஒருவர் பாக்கியில்லை, எல்லாரும் தீர்ந்தபிறகும் கோபம் தீராமல் நிற்கிறது, நின்றுகொண்டு இன்னும் யாரையோ தேடுகிறது.

வியாழக்கிழமை. சரி, வியாழக்கிழமைக்கே போவோம், எத்தனை நாள் அதைச் சுற்றிச் சுற்றி வருவது. கசட்டை இழுத்து வெளியேற்றுகிற பம்பு பழுதாகி ஒன்றரை மாசம், இருந்த ஒரே மாற்றுப் பம்பும் பாதிதான் இழுத்தது. கசடு ஏறிக்கொண்டே வந்தது. ஒன்றரை. இரண்டு. இரண்டே கால். அவள் ஒவ்வொரு நாளும் எழுதிக் காட்டினாள், இரண்டரை தாண்டினால் ஆபத்து சார், மழை வந்தால் எல்லாம் மேலே வந்துவிடும் என்று. புதன்கிழமை இரண்டரை தாண்டிச் சைரன் அலற ஆரம்பித்தது. சைரன் பெட்டி மேனேஜர் அறைக்கு நேர்வெளியே. புதன் முழுக்க அலறியது, நிறுத்தினால் பத்து நிமிஷத்தில் மறுபடி அலறியது, வியாழக்கிழமை காலை இரண்டு தொண்ணூறு, மறுநாள் வெள்ளிக்கிழமை கம்பெனி டைரக்டர்கள் பார்வையிட வருகிறார்கள், வாசலில் கோலம் போட ஆள் சொல்லியாகிவிட்டது. ஈஸ்வரமூர்த்தி காதைப் பொத்திக்கொண்டு பாலத்துக்கே வந்தார், அவர் பாலம் ஏறியது அந்த வருஷத்தில் அதுதான் முதல்தடவை. "ஒரு ஒண்ணு இருவதக் கழிச்சு விட்ரு அம்மிணி. நாலே நாள். திங்கக்கெழம பம்பு வந்துரும், திருப்பி மாத்திக்கலாம். லாக் புக்குல எழுத வேண்டாம். நீ செஞ்சா சரியா இருக்கும்." அவள் முடியாது என்று சொல்லியிருக்கலாம். சொன்னாளா? "சார், ஞாயித்துக்கிழம மழைன்னு டிவில சொல்றாங்க" என்றாள். அது முடியாது என்று சொன்னதாகுமா? அவர் "அட, சொல்லுவாங்க" என்றார். அவள் மூடியைத் திறந்தாள். தன் நம்பரைப் போட்டாள், மூன்று. திருத்த அளவு என்கிற வரிக்குப் போனாள். மைனஸ். ஒன்று. புள்ளி. இரண்டு. பூஜ்யம். அவர் கையைப் பிடித்து அழுத்தவைக்கவில்லை. அவர் பொத்தானைத் தொடக்கூட இல்லை, தொடத் தெரியாது அவருக்கு, லென்ஸ் என்பவருக்கு எங்கே தெரியப் போகிறது, அழுத்தத் தெரிந்த விரல் அந்த இடத்தில் ஒன்றுதான் இருந்தது. எண் ஒன்று எழுபது என்று மாறியது, சைரன் நின்றது. நின்றதும், அம்மாடி, என்ன நிம்மதி. இரண்டு நாள் அலறலுக்குப் பிறகு பறவைச் சத்தம் கேட்டது, தொட்டி விளிம்பில் கொக்கு வந்து உட்கார்ந்தது. கேன்டீனுக்குப் போய் டீ வாங்கிக் குடித்தாள். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. அந்த டீ நன்றாக இருந்தது. ஏலக்காய் தட்டிப் போட்டிருந்தார்கள். வெள்ளிக்கிழமை வந்தது, சனிக்கிழமை வந்தது, மாரப்பண்ணன் ஞாயிறு டியூட்டி என்று பலகையில் எழுதியிருந்ததை அவள் பார்த்தாள், பார்த்துக்கொண்டே வண்டியை எடுத்தாள். ஒரு போன் போட்டு, அண்ணா, திரையில் காட்டுவதோடு ஒன்று இருபதைக் கூட்டிப் பார்த்துக்கோங்க என்று சொல்ல எத்தனை நிமிஷம் ஆகும்? இரண்டு முப்பது என்று அவர் பார்த்தது மூன்றரை. அவர் கண் சரியாகத்தான் பார்த்தது. அவர் பார்த்ததை அவள்தான் பொய்யாக்கி வைத்திருந்தாள்.

எவ்வளவு நேரம் நின்றாளோ, வெயில் நெற்றிக்கு வந்துவிட்டது. தொட்டியின் நடுத்தூணிலிருந்து கிளம்பும் கசடு வழிக்கும் கை மெதுவாகச் சுற்றி அவள் காலடிக்கு வந்து கடந்து போயிற்று. மூடியைத் திறந்தாள். மெனுவில் கடைசி வரி, பேக்டரி ரீசெட். அழுத்தினால் உறுதியா என்று ஒருமுறை கேட்கும், ஆம் என்றால் எல்லாம் போய்விடும், திருத்தம், நம்பர், எந்த நாள் எந்த மணிக்கு யார் எதை மாற்றினார்கள் என்று பெட்டி தானாக எழுதிவைத்திருக்கிற பட்டியல், எல்லாம். பெட்டி புதுசாகப் பிறந்துவிடும். அதற்கு மேல் அளவுக் குழாயை விட்டுப் பார்த்துச் சரியான எண்ணைக் கொடுத்துவிட்டால் அழகாக ஒன்று பத்து என்று காட்டும், இன்ஜினியர் வருவார், துடைத்ததும் சரியாகிவிட்டது பாருங்கள் சார் என்பார் ஈஸ்வரமூர்த்தி. இவ்வளவு தெளிவாகத் திட்டம் போடத் தெரிந்த மனுஷனுக்கா லென்ஸ் என்று வாய் குளறுகிறது? ஒருவேளை வேண்டுமென்றேதான் சொல்கிறாரோ, ஒன்றும் தெரியாதவன் எப்படிச் சொல்லியிருப்பான் என்று நாளைக்குக் கேட்பதற்கு. கட்டைவிரல் பொத்தான்மேல் இருந்தது. மகளுக்கு இந்த வருஷம் பன்னிரண்டாம் வகுப்பு. இந்த வேலை போனால் இந்த ஊரில் கருவி பார்க்கிற பெண்ணுக்கு வேறு வேலை எது? வேலையோடு போய்விட்டால்கூடப் பரவாயில்லை, போலீஸ் கேஸ் என்று வந்துவிட்டால்? செய்தித்தாளில் பெயர்? குளத்துக்காரர்கள் அவள் வீட்டு வாசலுக்கு வந்து நின்றால், கையில் மீனோடு? அந்த அறை அவள் கன்னத்தில் விழுவதை உணர்ந்தாள், நிஜமாகவே இடது கன்னம் சூடாயிற்று. பயமாக இருந்தது. பயமாக இருக்கிறது என்பதே எரிச்சலாக இருந்தது. மாரப்பண்ணனுக்குப் பயமாக இல்லையா? அவருக்கு மகள் இல்லையா? இரண்டு மகள்கள். உறுதியா என்று இந்தப் பெட்டியாவது கேட்கிறது, வியாழக்கிழமை மைனஸ் போட்டபோது ஒன்றுமே கேட்கவில்லை. கட்டைவிரலை எடுத்தாள். எடுத்துச் சேலையில் துடைத்துக்கொண்டாள், ஈரம் எதுவும் இல்லை, இருந்தாலும் துடைத்தாள். மூடியைச் சாத்தினாள்.

வாசலில் ஜீப் சத்தம் கேட்டபோது மணி பத்தரைகூட ஆகவில்லை. வாரியத்தின் இன்ஜினியர் ஜெபராஜ் என்பவர், தலை முழுக்க நரை, வெயிலுக்குத் தொப்பி, யாருடைய கைகுலுக்கலுக்கும் நிற்காமல் நேராகப் பாலத்துக்கு வந்தார். பின்னால் ஈஸ்வரமூர்த்தி மூச்சுவாங்கிக்கொண்டு வந்தார். ஜெபராஜ் பெட்டியைக் குனிந்து பார்த்தார். "என்ன இது, மைனஸ்ல காட்டுது?" "அதானுங்க சார், நான் போட்டோ அனுப்பிச்சேனே" என்றார் ஈஸ்வரமூர்த்தி. "லென்ஸ்ல அழுக்கு. அம்மிணி, இன்னும் தொடைக்கலியா நீ?" அவர் கண் அவளைப் பார்த்தது, என்ன காரியம் செய்து வைத்திருக்கிறாய் என்று. "தொடச்சிட்டனுங்க சார்" என்றாள் துளசிமணி. குரல் கொஞ்சம் உயர்ந்துதான் வந்தது, அடக்க அவளால் முடியவில்லை. "தொடைக்கறதுக்கு முன்னாடியும் மைனஸ் பத்து. தொடச்ச பின்னாடியும் மைனஸ் பத்து. இருங்க சார், குழாய விட்டுக் காட்டறேன்." அளவுக் குழாயைச் செங்குத்தாகத் தண்ணீருக்குள் இறக்கினாள், ஒரு ஆள் உயரம், இரண்டு ஆள் உயரம், அடி தட்டியதும் கயிற்றைச் சுண்டினாள், கீழ்வாய் மூடிக்கொண்டது. மேலே இழுத்தபோது கண்ணாடி மாதிரிக் குழாயில் தொட்டியின் ஒரு துண்டு நின்றது, மேலே தெளிந்த தண்ணீர், கீழே காப்பிப்பொடி நிறத்தில் கசடு. ஜெபராஜ் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் கோடுகளை எண்ணினார். "ஒண்ணு பத்து." "ஆமாங்க சார். இது ஒண்ணு பத்து, பெட்டி மைனஸ் பத்து. வித்தியாசம் ஒண்ணு இருவது. எங்க வேணுன்னாலும் எத்தன வாட்டி வேணுன்னாலும் விட்டுப் பாருங்க, அதே ஒண்ணு இருவதுதான் வரும். அழுக்கு இவ்வளவு சுத்தமா கணக்குப் போட்டுக் கழிக்காதுங்க சார்."

"அம்மிணி, நீ கீழ போ, சாருக்கு நான் சொல்லிக்கறேன்" என்றார் ஈஸ்வரமூர்த்தி, இன்னமும் அதே தயவுக் குரல். அவள் போகவில்லை. மூடியைத் திறந்து, பட்டியலைத் திரைக்குக் கொண்டுவந்து, ஒதுங்கி நின்றாள். ஜெபராஜ் படித்தார், மெல்ல, வாய்விட்டு: "வியாழன், காலை பதினொன்னு பதினாலு. திருத்த அளவு, பூஜ்யத்திலேருந்து மைனஸ் ஒண்ணு இருபது. யூசர் மூணு." நிமிர்ந்தார். "யூசர் மூணு யாருவே?" பழக்கத்தில் வந்துவிட்ட ஊர்ப்பேச்சைத் திருத்திக்கொண்டு மறுபடி கேட்டார். "யாரும்மா அது?" "நானுங்க சார்." "எதுக்கு மாத்தினீங்க?" "சைரன் நிக்கோணும்னு மேனேஜர் சொன்னாருங்க. அவர் சொன்னாரு, நான் மாத்துனேன்." ஈஸ்வரமூர்த்தியின் முகம் இறுகியது. "நான் எப்ப சொன்னேன்? எழுத்துல காட்டு பார்க்கலாம். சார், இந்தப் பொம்பள தான் பண்ணுன தப்ப என் தலையில கட்டப் பாக்குது. பெட்டியிலயே இருக்குதே அவ நம்பர்!" பொம்பள. ஏழு வருஷத்து அம்மிணி ஒரே மூச்சில் உதிர்ந்துவிட்டது. "என் நம்பர்தாங்க சார். அத இல்லைன்னு சொல்லறதுக்கா பட்டியலத் தொறந்து காட்டறேன்? அழிக்கச் சொன்னீங்க, காலைல எட்டரை மணிக்கு, உங்க ரூம்ல. அழிச்சிருந்தா என் நம்பரும்தான் போயிருக்கும். எனக்கு நல்லதுதான். மாரப்பண்ணனுக்கு யார் இருக்காங்க?" ஜெபராஜ் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "மாரப்பன்ங்கிறது அன்னைக்கு டியூட்டியில இருந்த ஆபரேட்டரா?" "ஆமாங்க சார். அவர் ரெண்டு முப்பதுன்னு பாத்தது நெசம். பெட்டி அதத்தான் காட்டுச்சு." அவர் தலையாட்டினார். "அந்த ஆள் மேல தப்பு இல்லைங்கிறது இந்தப் பட்டியல் ஒண்ணுலயே தெரியுது, அத நான் எழுதிருவேன். உங்க மேனேஜர் சொன்னாருங்கிறதுக்கு உங்க வாய்ச்சொல்லுதான் இருக்கு, விசாரணையில பாக்கணும். ஆனா உங்கள எழுதாம இருக்க என்னால முடியாதும்மா. புரியுதா?" "எழுதுங்க சார்" என்றாள். "நீங்களும் உங்க கைப்பட எழுதிக் குடுங்க" என்றார் ஜெபராஜ்.

படியிலேயே உட்கார்ந்து, மடியில் லாக் புக்கை அட்டையாக வைத்துக்கொண்டு எழுதினாள். பேனா அவர் கொடுத்தது. மேலே, பத்தடி தள்ளி, ஈஸ்வரமூர்த்தி யாருக்கோ போன் போட்டுத் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார், அவள் பெயர் இரண்டு முறை காதில் விழுந்தது. ஐயா, வணக்கம் என்று ஆரம்பித்தாள். நிலையம், பதவி, தேதி. பிறகு கை பழக்கத்தில் ஓடியது: மேற்படி நாளன்று கசடு மட்டக் கருவியின் அளவு மேலாளரின் வாய்மொழி உத்தரவின்பேரில் மாற்றப்பட்டது. எழுதிவிட்டுப் படித்துப் பார்த்தாள். மாற்றப்பட்டது. யாரால்? காற்றாலா? எத்தனை தாள்களில் இந்த மாதிரி வார்த்தையைப் படித்து வயிறெரிந்திருக்கிறாள், கோளாறு ஏற்பட்டுள்ளது, கவனிக்கப்படவில்லை, நடவடிக்கை எடுக்கப்படும், ஒரு வரியிலும் ஒரு மனுஷன் இருக்கமாட்டான். பேனாவை அழுத்தி அந்த ஒரு வார்த்தையை அடித்தாள், காகிதம் லேசாகக் கிழிந்தது. மேலே சின்னதாக எழுதினாள்: மாற்றினேன். வரியின் தொடக்கத்தில் நுழைக்க இடமில்லாமல் நுழைத்தாள்: நான். அதற்குமேல் எளிதாக வந்தது. லாக் புக்கில் எழுதாமல் விட்டேன். அடுத்த டியூட்டிக்காரர்களிடம் சொல்லவில்லை. ஞாயிறன்று திரு. மாரப்பன் அவர்களுக்கு நான் போன் செய்திருக்க முடியும், செய்யவில்லை. கையெழுத்துப் போட்டபோது மனசு லேசாகும் என்று எங்கோ எதிர்பார்த்தாள் போலிருக்கிறது, ஆகவில்லை, கோபம் அப்படியே இருந்தது, ஆனால் பதின்மூன்று நாளாக அங்கும் இங்கும் அலைந்தது இப்போது ஓரிடத்தில் நின்றது. எழுந்து ஜெபராஜிடம் தாளை நீட்டினாள். அவர் வாங்கப்போனபோது விடாமல் பிடித்துக்கொண்டு கேட்டாள்: "இதுல ஒரு ஜெராக்ஸ் எடுத்துக்கலாங்களா சார்? ஒருத்தர் வீட்டுக்குப் போயி நேர்ல படிச்சுக் காட்டோணும்."